பள்ளிக்கூடம் போனேனா... போவேனா?

'ஸ்கூல்' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? ஓய்வு!

சிரிக்காதீர்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். 'ஸ்கூல்' என்ற வார்த்தைக்குத் தாய்வீடு கிரேக்கம். பழைய கிரேக்கத்தில் 'ஸ்ஹோலி' என்றால் வேலைவெட்டி இல்லாத சாவகாசமான நேரம். சாவகாசம் இருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், யோசித்தார்கள், விவாதம் பண்ணினார்கள். நாளாக ஆக, அப்படிப் பேசுகிற இடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதுகு வளைய மூட்டை சுமந்து போகும் நம் வீட்டு வாண்டுகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கடித்தே விடும்!

இன்றைய கிரேக்கர்கள் இதே வார்த்தையிலிருந்து ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். 'ஸ்ஹொலாவோ'. பள்ளிக்கூடம் விட்டாலும் அதுதான், ஆபீஸ் விட்டாலும் அதுதான். சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு "ஸ்ஹோலாஸா!" என்று எழுந்திருக்கிறபோது, ஐம்பது வயசு மானேஜர் முகத்தில்கூட மூன்றாங்கிளாஸ் பையன் எட்டிப் பார்ப்பான். ஆனால் ஜாக்கிரதை! முன்னால் ஒரு 'மே' சேர்த்து "மே ஸ்ஹோலாஸான்" என்று சொன்னால், 'என்னை வேலையை விட்டே தூக்கிட்டாங்க' என்று அர்த்தம். ஒரே ஓர் எழுத்தில் ஆள் காலி!

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பிழைப்பு அப்படி. ஏதென்ஸுக்குத் துறைமுகம் பிரேயஸ். கப்பல் கம்பெனி ஆபீஸ்கள் வரிசைகட்டி நிற்கிற ஊர். அதில் ஓர் ஆபீஸில் எனக்கும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கடிதப் போக்குவரத்து எல்லாம் ஆங்கிலத்தில். ஆக, வேலைக்குக் கிரேக்கம் தேவையே இல்லை.

தேவைப்பட்டது காபி நேரத்தில்!

நம்ம ஊர் ஆபீஸ் கேண்டீனில் என்ன பேசுவோம்? இன்க்ரிமென்ட், கிரிக்கெட், அப்புறம் மெதுவாக "எங்க ஸ்கூல்ல ஒரு வாத்தியார் இருந்தார் பாரு..." என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அங்கேயும் அச்சு அசல் இதே கதைதான், கிரிக்கெட்டுக்குப் பதில் ஃபுட்பால். பக்கத்தில் நான் காபியை உறிஞ்சிக்கொண்டு, எல்லாரும் சிரிக்கும்போது அரை விநாடி தாமதமாகச் சிரிப்பேன். அவர்கள் பேச்சில் எனக்குப் பெயர் 'ஓ இந்தோஸ்'. அதாவது, 'அந்த இந்தியர்'. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்... அந்த மொழியில் எனக்குக் குழந்தைப் பருவமே கிடையாது! முப்பது வயசுக்கு மேல், கையில் சர்டிபிகேட் ஃபைலோடு, நேராக விமானத்திலிருந்து பிறந்து இறங்கியவன் நான். டவுசர் போட்டதில்லை, பெஞ்சு மேல் ஏறி நின்றதில்லை, யாரிடமும் காய் விட்டதில்லை. அப்படிப்பட்ட ஆளோடு யாருக்கு என்ன பேச இருக்கும்?

சேர்ந்தேன் சாயங்கால வகுப்பில்.

எங்கள் வகுப்பைப் பார்க்க வேண்டுமே! வயசான கிரேக்கப் பாட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு ஜார்ஜியா நாட்டு அம்மாள், மீன்பிடிப் படகில் வேலை செய்யும் ஓர் எகிப்துக்காரர், சமையல் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண், நான், இன்னும் ஆறேழு பேர். டீச்சருக்கு எங்களில் பலரைவிட வயசு குறைவு. ஆனாலும் எல்லாரும் அவரை 'கிரீயா' என்றுதான் கூப்பிட வேண்டும். கிரேக்கப் பிள்ளைகள் டீச்சரைக் கூப்பிடுவது அப்படித்தான், நம்ம 'மிஸ்' மாதிரி. படகுக்காரர் தேக்குமரக் கையைத் தூக்கிக்கொண்டு "கிரீயா... கிரீயா..." என்று துள்ளுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எழுத்துகள் நமக்குப் பழைய பகையாளிகள்தான். ஆல்பா, பீட்டா, தீட்டா, பை என்று பத்தாம் வகுப்புக் கணக்கில் கழுத்தை நெரித்தார்களே, அதே ஆசாமிகள்! ஆனால் சொந்த ஊரில் பெயரே வேறு. பீட்டா, 'வீத்தா'. நாம் வட்டத்தின் பரப்பளவுக்குப் போட்ட 'பை', அங்கே வெறும் 'பி'. இன்னொரு வேடிக்கை... வகுப்புகளுக்கு எண் கிடையாது, எழுத்துதான். ஒன்றாம் வகுப்பு ஆல்பா, இரண்டாவது வீத்தா, மூன்றாவது காமா. எழுத்தையே எண்ணாகப் போடும் பழைய வழக்கம் அவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாமும்தான் 'க' என்று எழுதி ஒன்று, 'உ' என்று எழுதி இரண்டு என்று எண்ணியவர்கள். காலண்டரில்கூட இப்போது காணோம்.

அடுத்து, தலைப்பு கொடுத்தார் டீச்சர். 'உங்கள் பள்ளி வாழ்க்கையை விவரிக்கவும்.' கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதை விவரிக்க, முதலில் அவர்கள் பள்ளி வாழ்க்கை தெரிய வேண்டும். எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை ஈடு?

ஆரம்பப் பள்ளி ஆறு வருஷம். அப்புறம் 'யிம்னாஸியோ' மூன்று வருஷம். 'லீக்கியோ' மூன்று வருஷம். யிம்னாஸியோ யார் என்று தெரிகிறதா? நம்ம 'ஜிம்'முக்கு அண்ணன்! 'கிம்னோஸ்' என்றால் நிர்வாணம். அந்தக் காலத்து இளைஞர்கள் பிறந்தமேனியாக உடற்பயிற்சி செய்த இடம் அது. இப்போது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பௌதிகம் படிக்கிறார்கள். லீக்கியோ, அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய தோப்பின் பெயர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் 'தாஸ்கலோஸ்'. யிம்னாஸியோ போய்விட்டால் ஆசிரியருக்கு 'கதிகிதிஸ்' என்று பெயர். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அதே வார்த்தைதான். ஏழாம் வகுப்புக்கே புரொபசர்!

செப்டம்பரில் பள்ளி திறக்கும் நாளில் பாடம் கிடையாது. பாதிரியார் வருவார். புனித நீரில் ஒரு செடிக்கொத்தை நனைத்துப் பிள்ளைகள் மேல் தெளிப்பார். 'அயியாஸ்மோஸ்' என்று பெயர். அந்தச் செடி என்ன என்று கிட்டே போய்ப் பார்த்தால், சாட்சாத் நம்ம திருநீற்றுப் பச்சிலை! சீருடை கிடையாது. முன்பு பெண்பிள்ளைகள் எல்லாரும் நீல நிற மேலங்கி போட்டாக வேண்டும். 1982-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

அதே 1982-ல் இன்னொரு பாரத்தையும் இறக்கி வைத்தார்கள். அதுவரை கிரேக்கத்தில் எழுத்துக்கு மேலே மூன்று வகை அழுத்தக் குறி, இரண்டு வகை மூச்சுக் குறி. பரீட்சையில் பாதி மதிப்பெண்ணைத் தின்றவை இவைதான். அத்தனையும் போய், ஒரே ஒரு கோடு மிஞ்சியது. அதற்கும் ஆறு வருஷம் முன்னால், 1976-ல்தான், ஜனங்கள் வீட்டில் பேசுகிற கிரேக்கம் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் உரிய மொழியானது. அதுவரை ஆட்சி செய்தது 'கதரெவூஸா' என்ற சுத்த நடை. வீட்டில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று! இதற்காகத் தெருவில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1901-ல் பைபிளைப் பேச்சுநடையில் மொழிபெயர்த்துப் பத்திரிகையில் போட்டதற்கு ஏதென்ஸில் கலவரம், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. டீச்சர் இதைச் சொன்னபோது ஜார்ஜியா அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை. 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று படிக்கிற ஜாதியாச்சே நாம்!

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும் சங்கதி. கிடைக்காதவை வேறு. அவற்றைக் காபி மேஜையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

கிளாஸுக்கு மட்டம் போட்டால் 'கோபானா'. புத்தகப் புழுவுக்கு 'ஸ்பாஸிக்லாஸ்'. பரீட்சையில் நாம் கொண்டுபோகும் 'பிட்' இருக்கிறதே, அதற்கு 'ஸ்கொனாக்கி'. நேர் அர்த்தம், மருந்துப் பொடிப் பொட்டலம்! முன்பெல்லாம் வைத்தியர் பொடியைச் சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாரே, அந்த அளவில் மடிப்பதால் அந்தப் பெயர். எந்த ஊராக இருந்தால் என்ன, மாணவனின் வியாதிக்கு மருந்து ஒன்றுதான்!

'அபுஸியொலோகோஸ்' என்று ஒருவர் உண்டு. யார் வரவில்லை என்று பீரியடுக்குப் பீரியட் எழுதி வைக்கிற மாணவர். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்குகிறவருக்குத்தான் அந்தப் பதவி. வருஷத்துக்கு 114 பீரியட் வரைக்கும் மட்டம் போடலாம், அதைத் தாண்டினால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதுதான். ஆகவே முதல் ரேங்க் ஆசாமியைக் குலூரி வாங்கிக் கொடுத்து நண்பனாக்கிக்கொள்வது பலருக்கு அவசியம். குலூரி என்பது எள் தூவிய வளைய ரொட்டி. நம்ம தேன்மிட்டாய்க்கும் மாங்காய்க் கீற்றுக்கும் உள்ள இடம் அங்கே அதற்கு.

டியூஷன்? அங்கேயும் இந்தச் சனியன் விடவில்லை! கல்லூரியில் இடம் பிடிக்க நாடு முழுவதும் ஒரே நுழைவுப் பரீட்சை. பள்ளி மத்தியானமே முடிந்துவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளில் ஏகப்பட்ட பேர் அப்படியே 'ஃப்ரொந்திஸ்தீரியோ'வுக்கு ஓடுவார்கள். டியூஷன் சென்டர்தான். இந்த வார்த்தையை உண்டாக்கிப் பிரபலப்படுத்தியவர் ஒரு நகைச்சுவை நாடக ஆசிரியர், அரிஸ்டோபேனஸ். கி.மு. 423-ல் போட்ட 'மேகங்கள்' என்ற நாடகத்தில், சாக்ரடீஸைக் கிண்டல் பண்ணி, அவர் நடத்தும் 'யோசனைக் கூட'த்துக்கு வைத்த பெயர்! கிண்டல் பண்ணியவரும் போய்விட்டார், கிண்டலுக்கு ஆளானவரும் போய்விட்டார். டியூஷன் மட்டும் நிற்கிறது.

சரி, வார்த்தை சேர்ந்தாயிற்று. இலக்கணம்?

கிரேக்கத்தில் நாற்காலிக்குக்கூட ஆண், பெண் உண்டு. கரும்பலகை ஆண், வகுப்பு பெண், பள்ளிக்கூடம் இரண்டுமில்லாத மூன்றாவது. மூன்றாவது பாலில் யார் யார் என்று பார்த்தால் பையன், சிறுமி, குழந்தை! பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "பலகை ஆம்பளை, பொண்ணு மட்டும் ஜடமா?" நான் அசையவில்லை. 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணையில் கொஞ்சுகிற ஊர்க்காரனுக்கு இதில் என்ன அதிர்ச்சி?

அசல் சிக்கல் இறந்தகாலத்தில் இருந்தது. கிரேக்கத்தில் இறந்தகாலம் ஒன்றில்லை. ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு ஒன்று, அடிக்கடி நடந்துகொண்டிருந்ததற்கு வேறொன்று. எகிப்துக்காரர் எழுந்து நின்று, "நான் பள்ளிக்கூடத்துக்கு 'பீகா'" என்று ஆரம்பித்தார். டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ஒரே ஒரு நாள்தானா?" என்று கேட்டார். 'பீகா' என்றால் ஒரு தடவை போனேன், வந்தேன், அத்தோடு சரி. தினம் தினம் போனதைச் சொல்ல 'பீயேனா' என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. காரணம், தமிழ்! "சின்ன வயசுல நான் நடந்தேதான் ஸ்கூலுக்குப் போவேன்" என்று சொல்கிறோமே... கவனித்திருக்கிறீர்களா? 'போவேன்' எதிர்காலம். ஆனால் சொல்வது முப்பது வருஷத்துக்கு முந்தின சங்கதி! முடிந்துபோன பழக்கத்தைச் சொல்ல, நாம் எதிர்கால வினையைத்தான் எடுக்கிறோம். 'போனேன்' என்று வருகிற இடத்தில் 'பீகா'. 'போவேன்' என்று வருகிற இடத்தில் 'பீயேனா'. முடிந்தது பிரச்னை.

ஒரு நாள் காபி நேரத்தில், வகுப்பில் எழுதிப் படித்த கட்டுரையைக் காகிதம் இல்லாமல் எடுத்துவிட்டேன். "எங்க ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்ததும் நாலு தலை திரும்பியது.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் மூன்று கிலோமீட்டர் நடப்போம். மத்தியானம் மணி அடித்ததும் தட்டோடு ஓடுவோம். சத்துணவுக்கு என்ன வார்த்தை? டீச்சர் சொல்லிக் கொடுத்தது 'ஸிஸீத்தியோ'. அதைச் சொன்னதும் மேஜையில் இருந்தவர்கள் முகம் மாறியது. 1941-42 குளிர்காலத்தில், அந்நிய ராணுவ ஆக்கிரமிப்பின்போது, ஏதென்ஸிலும் பிரேயஸிலும் ஜனங்கள் பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள். அப்போது குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிய ஏற்பாட்டுக்கு இதுதான் பெயர். யுத்தத்துக்குப் பிறகு பள்ளிகளில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்ததற்கும் இதுதான் பெயர். "எங்க அப்பா டம்ளரோட வரிசையில நின்னிருக்கார்" என்றார் கணக்குப் பிரிவுப் பெரியவர். எங்கள் ஊரில் அது 1956-ல் காமராஜர் காலத்தில் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கினார், சோறு இருந்ததால்தான் பள்ளிக்கூடம் வந்தவர்கள் ஏராளம் என்று விளக்கினேன். யாரும் 'ஐயோ பாவம்' என்று பார்க்கவில்லை. தலையை ஆட்டினார்கள். புரிந்தவர்களின் தலையாட்டல்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனைச் சொன்னேன். கணக்கில் புலி. அவன்தான் முதல் ரேங்க். கிரீஸில் பிறந்திருந்தால் அவன்தான் அபுஸியொலோகோஸ். தினம் வருவான், எனக்குக் கணக்கு சொல்லித் தருவான், முட்டையில் மஞ்சளை எனக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையை அவன் தின்பான். வரிசையாக எல்லாம் 'பீயேனா' ரகம். எட்டாம் வகுப்பில் அவன் அப்பா இறந்தார். அரைப் பரீட்சை லீவு முடிந்து ஸ்கூல் திறந்தது. அவன் வரவில்லை. 'ஸ்தமாதிஸே.' நின்றுவிட்டான். இதற்கு 'பீகா' ரகம். ஒரே தடவை நடந்தது, முடிந்தது.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கணக்குப் பிரிவுப் பெரியவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் பாத்ராஸ்காரர். 1990 கடைசியில் கிரீஸ் முழுக்கப் பள்ளி மாணவர்கள் போராட்டம். சின்னத் தப்புக்கெல்லாம் பாயின்ட் போட்டுத் தண்டிக்கும் புதிய விதிகளை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களைக் கைப்பற்றி, உள்ளேயே தங்கினார்கள். அதற்கு 'கதாலிப்ஸி' என்று பெயர். "ராத்திரியெல்லாம் வகுப்பிலேயே படுப்போம். கிடார் வாசிப்போம். அம்மாக்கள் சாப்பாடு கொண்டுவருவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1991 ஜனவரி 8 இரவு, பாத்ராஸில் ஒரு பள்ளியில், போராட்டத்தைக் கலைக்க வந்த கும்பல் தாக்கியது. நிகோஸ் தெம்போனேராஸ் என்ற கணக்கு ஆசிரியர் மண்டையில் அடிபட்டு உயிர்விட்டார். மாணவர்கள் பக்கம் நின்றவர். கல்வி அமைச்சர் பதவி விலகினார். பெரியவர் அந்த இரவுக்கு வந்ததும் அவருடைய வினைச்சொல்லும் மாறியது. படுப்போம், வாசிப்போம் எல்லாம் போய், வந்தார்கள், அடித்தார்கள், இறந்தார். டீச்சர் மூன்று மாதம் நடத்திய பாடம், அந்த ஒரு நிமிஷத்தில் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் 'ஓ இந்தோஸ்' இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் கடித்துத் துப்புகிறார்கள், பரவாயில்லை. காபி நேரத்தில் யாராவது கேட்பார்கள், "அந்தப் பையன் இப்ப என்ன பண்றான்?"

கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். பெண் பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்கிறாள். போன மாதம் போன் பண்ணி, "டேய், இங்க ஆபீஸ்ல எல்லாரும் உன்னைத்தான்டா விசாரிக்கிறாங்க" என்றேன்.

"எந்த ஊர்ல? கிரீஸ்லயா? அவங்களுக்கு என்னை எப்படிடா தெரியும்?"

"நீதான் இங்க டெய்லி ஸ்கூலுக்கு வர்றியே!" என்றேன்.